பச்சைக் காரின் பின்கதவு

எங்கள் மாமா, அதாவது அத்தையின் கணவர், கேட்டை உரசாமல் காரை உள்ளே ஏற்றிய நாளே கிடையாது. அவர்கள் இருந்த பண்டமாரான் குடியிருப்பில் அத்தனை வீட்டுக்கும் ஒரே அளவு கேட்தான். பக்கத்து வீட்டு வேன்கூடப் பூப்போல நுழைந்துவிடும். மாமாவின் பழைய பச்சைக் குட்டிக் கார் மட்டும் இடது பின்கதவைத் தூணில் தேய்த்து, கிறீச்சென்று கத்தும். "வந்துட்டாரு லா உங்க மாமா!" என்று அத்தை தேநீர் கலக்க ஆரம்பிப்பாள்.

மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். கார் கீறலோடு போர்ச்சில் நின்றது. துணைக்கு நானும் அப்பாவும் அங்கே தங்கியிருந்தோம். அத்தை அதைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று காரை விற்றுவிட அப்பா முடிவு செய்தார். காஜாங் ஊரில் வாங்க ஆளும் கிடைத்தார். கீறலோடு கொடுத்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார் என்று அப்பாவே பெயிண்ட் அடிக்க இறங்கினார்.

பானெட்டுக்கு அடியில் இருந்த கலர் எண்ணைச் சொல்லி வாங்கிவந்த பச்சை, கதவில் பட்டதும் தனியாகப் பளிச்சிட்டது. எத்தனை வருட வெயில்! கார் வெளுத்துக் கிடந்தது. பிறகு பெட்ரோல் மூடியின் மேல்தகட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதன் நிறத்துக்கே கலக்க வைத்தார். மணல்தாளால் தேய்த்து, அடித்து, மெருகேற்றினார். அடேயப்பா! கீறல் இருந்த இடத்தை அவராலேயே காட்ட முடியவில்லை. அத்தை கதவைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியும்போது, கிறீச். அப்பா வாசலுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். கேட்டில் பூட்டு தொங்கியது. கார் இம்மியும் நகரவில்லை. பின்கதவில், அதே உயரத்தில், அதே சாய்வில், கீறல். அத்தை அடுப்படியில் மாமாவின் குவளையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா மறுபடி அடித்தார். எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். மறுநாளும் கீறல் வந்துவிட்டது.

"மனுசன் செத்தும் கேட்டை உரசுறாரே!" என்றார் அப்பா.

கார் பார்க்க வந்த காஜாங்காரர் விஷயம் தெரிந்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. "வேணாண்ணே, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு லா," என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு விற்கிற பேச்சையே அப்பா எடுக்கவில்லை.

அன்று நான் பயத்தில் சாப்பிடவில்லை. அத்தை என்னை மடியில் இழுத்துத் திருநீறு பூசினாள். அவள் நகக்கண்ணில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. ஐயோ, மாமா வந்து அத்தையின் கையைப் பிடித்திருக்கிறார், அவர் கையிலிருந்த கார்ச் சாயம்தான் இது என்று நினைத்து அவள் மடியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்பா பயந்தார், நான் பயந்தேன், காஜாங்காரர் பயந்து ஓடியே போனார். அந்த வீட்டில் அத்தை ஒருத்தி மட்டும் பயப்படவே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.