வாட்டியின் கொசுவம்

எங்கள் ஸ்காட்லாந்து பைப் பேண்டு வாத்தியக் குழுவுக்கு முன்னால் வெள்ளிப்பூண் தடியைச் சுழற்றிக்கொண்டு நடக்கும் டிரம் மேஜர் வாட்டி கெட்டஸ், ஊரில் கறிக்கடைக்காரர். கோடை வந்தால் சனிக்கிழமைதோறும் எங்காவது போட்டி இருக்கும். போட்டிக்குப் போகும் பஸ்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இடுப்பில் கட்டியிருக்கும் கட்டம்போட்ட கில்ட் பாவாடையின் கொசுவம் கசங்கிவிடுமாம். அன்றைக்கும் எங்கள் ஊர் ஃபோர்ஃபரிலிருந்து போட்டி நடக்கும் டனூன் வரை என் சீட்டை ஒட்டியே நின்று வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய இடுப்புத் தோல்பை என் மூக்கில் இடித்தது.

“யோவ், அங்க போய் உடுப்பை மாத்திக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“உங்களோட அந்தக் கூடாரத்துலயா? மாடு மிதிச்ச மாதிரி ஆயிரும். நீ மூக்கை உள்ள இழுத்துக்க.”

பஸ் ஓட்டும் எல்ஸ்பெத் கண்ணாடியில் பார்த்தாள். “அண்ணே, நான் பிரேக் போட்டா எங்களுக்கு முன்னாடி நீங்க டனூன் போய்ச் சேந்துருவீங்க.”

டனூனில் மற்ற மேஜர்களின் கில்ட்டெல்லாம் படுத்தெழுந்த பாய் மாதிரி இருந்தது. உடைக்கான முதல் பரிசு வாட்டிக்குத்தான். உள்ளூர் மரச்சாமான் கடை கொடுத்த அந்தப் பரிசு, மெத்தை வைத்த பெரிய சாய்வு நாற்காலி.

நாலு பேர் சேர்ந்து அதைப் பஸ்ஸுக்குள் ஏற்றினோம்.

“போட்டிதான் முடிஞ்சுபோச்சே, இப்பவாவது உட்காருய்யா” என்றேன்.

வாட்டி மெத்தையை அமுக்கிப் பார்த்தார். “அடுத்த வாரம் பெர்த் ஊர்ல போட்டி இருக்கு” என்றார். பிறகு தடியை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, ஊர் வரை என் மூக்குக்கு நேராக நின்றுகொண்டே வந்தார்.