வரிசையை விற்ற ஏலம்

ஏரலில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். நானும் என் கல்லூரித் தோழனும் அங்கிருந்தபடி வெளியூர் நிறுவனம் ஒன்றின் பிளாக்செயினுக்கு, அதாவது பலருடைய கணினிகள் சேர்ந்து பராமரிக்கும் பணக் கணக்கேட்டுக்கு, வேலை பார்த்தோம். அவன் குலசேகரன்பட்டினத்திலிருந்து பைக்கில் வருவான்.

அந்த பிளாக்செயினில் பணத்தைப் பிணையாகக் கட்டியவர்கள், முறை வரும்போது, காத்திருக்கும் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்திப் பதிவார்கள். ஒருவர் ஏதாவது ஒரு மின்நாணயத்தைப் பெரிதாக வாங்கப் போவது தெரிந்தால், வரிசைப்படுத்துபவர் அவருக்கு முன்னால் தான் வாங்கி, விலை ஏறியதும் விற்றுவிடலாம். இதைத் திருட்டுத்தனமாக நடக்க விடுவதற்குப் பதில், வரிசைப்படுத்தும் உரிமையையே ஏலம் விட்டு, கிடைப்பதைப் பயனர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நிறுவனம் நினைத்தது. ஏலத்தை வடிவமைப்பது என் வேலை.

வரிசை உறுதியாகும்வரை பரிவர்த்தனைகள் பூட்டியே இருக்க வேண்டும் என்று நான் ஒரு விதி சேர்த்தேன். ஏலம் எடுத்தவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. பிணை கட்டியவர்கள் சேர்ந்து பிறகு திறப்பார்கள்.

தோழன் சோதித்துப் பார்த்தான். திறக்க வேண்டியவர்களில் சிலர் விலகியதும் எல்லாமே நின்றுபோனது.

"இது ஓடாதுலே," என்றான்.

"திறக்காதவன் பிணையில கை வச்சா தன்னால திறப்பான். அதை எழுத கொஞ்சம் நாள் வேணும். கூட்டத்துல நீயும் நாள் கேளு."

நிறுவனத்தின் இணையவழிக் கூட்டத்தில் அவன் சோதனை நின்றுபோனதை மட்டும் சொன்னான். பூட்டு வேண்டாம் என்று மேலாளர் முடித்துவிட்டார்.

"ஏம்லே கேக்கல?"

"அது ஓடும்னு எனக்கு நம்பிக்கை இல்ல. இல்லாததை எப்படிச் சொல்லுதது?"

பொய் சொல்லாதவனோடு என்ன சண்டை போடுவது? அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பூட்டில்லாமலே ஏலம் நடைமுறைக்கு வந்தது. தான் வாங்கும்போதெல்லாம் சற்று முன் விலை ஏறிவிடுகிறது என்று ஒருவர் புகார் அனுப்பினார். ஏலப் பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று பதில் எழுதச் சொன்னார் மேலாளர். அது உண்மைதான். அவர் இழந்ததற்கு அது ஈடாகாது என்பதும் உண்மை. "உங்கள் பரிவர்த்தனையைப் பார்த்த பிறகே முன்னால் வாங்கினார்கள், எங்கள் விதி அதற்கு இடம் கொடுக்கிறது" என்று எழுதினேன். தோழன் திரையை எட்டிப் பார்த்தான்.

"அனுப்புதியா?"

"ஆமா."

அவன் தடுக்கவில்லை. அனுப்பினேன்.

அதன்பின் என்னை ஏலத்திலிருந்து மாற்றி, இணையப் பக்கங்களைத் திருத்தும் வேலையில் போட்டார்கள். திறக்காதவர்களின் பிணையில் கை வைக்கும் நிரல் பகுதியை என் சொந்த நேரத்தில் எழுதி முடித்து அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். தோழன் இன்னும் வருகிறான். டீ குடிக்கும்போது கிரிக்கெட் பேசுகிறோம்.