ஒரே ஒரு கொக்கி

எழுபதுகளில் ஒரு கோடை. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. காரைக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை அறையில் காற்றே வராது. மேஜை ஃபேன் என்றால் தவழும் பிள்ளை விரலை விட்டுவிடும் என்று பயந்து, பலமுறை கடைக்கு நடந்தபின் சீலிங் ஃபேன் வாங்கினேன்.

மனைவி உத்தரத்தைக் காட்டினாள். "இருக்கிறதே ஒரு கொக்கி. அதுல தொட்டில் தொங்குது. ஃபேனை உங்க தலையிலயா மாட்டப் போறீக?"

இன்னொரு கொக்கி அடிக்க வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்கக் கூச்சம். முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

"என்னப்பா, அங்குட்டும் இங்குட்டும் அலையுறே?" என்று ஆச்சியே கேட்டார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"பர்மா தேக்குல துளை போடவா? ஆகாது."

தொட்டிலை அவிழ்த்துவிட்டு ஃபேனை மாட்டினோம். காற்று வந்தது. ஆனால் பாயில் போட்ட குழந்தை, ஆட்டம் இல்லாமல் அழுதது. தூக்கிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே ஆட்டியபடி நின்றேன். தூங்கிவிட்டது. கீழே விடத்தான் பயமாக இருந்தது.