பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டவர்

இங்கே கனடாவில், பிக்கரிங்கில் இருக்கும் என் மகன் போன ஞாயிறு ஒரு பழைய இசைத்தட்டு வாங்கி வந்தான். உறையை முகர்ந்தேன். ஈரக் கம்பளி வாசம். கல்யாணம் முடித்த புதிதில் லண்டனில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கும் இதே வாசம்தான். அங்கே சுவருக்கே தடிமன் பிடித்து மூக்கு ஒழுகும்.

எழுபதுகளின் கடைசி. என்னவர் மூன்று வெள்ளைக்கார இளைஞர்களோடு சேர்ந்து நாலு தந்திக் கிற்றார் வாசித்தார். ஒட்டிய காற்சட்டை, ஒடுங்கிய கழுத்துப்பட்டி, துள்ளித் துள்ளிப் பாட்டு. புது அலை என்றார்கள். எனக்கு என்ன தெரியும்? ஆனால் என் மீன்குழம்புக்கு மூக்குச் சிந்தாதவர் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை.

ஒன்றரை வருடத்தில் குழு கலைந்தது. மிஞ்சியது ஒரே ஒரு தட்டு. அதற்கான பாட்டுப் பதிவு ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு. நான் வாசலை மறித்து நின்றேன்.

"ராகுகாலம். பன்னிரண்டுக்குப் பிறகு வெளிக்கிடுங்கோ."

"அவங்கள் பாத்துக்கொண்டு நிப்பாங்களப்பா."

"நிக்கட்டும். நல்ல காரியமெல்லே."

பன்னிரண்டுக்குத்தான் போனார். பொழுதுபடத் திரும்பி வந்து, "எல்லாம் நல்லா முடிஞ்சுது" என்றார். அந்தத் தட்டில் வாசித்தது என் புருசன் என்று ஸ்காபரோவில் நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகன் வாங்கி வந்தது அந்தத் தட்டைத்தான்; உறையை அவன்தான் வாசித்தான்.

"அம்மா, இதிலை அப்பான்ரை பேர் இல்லை. வேறை ஆற்றையோ பேர் கிடக்கு."

"வடிவாப் பார். எங்கடை பேர் அவங்களுக்கு வாயிலை வராது, மாத்திப் போட்டிருப்பாங்கள்."

"அண்டைக்கு அப்பாவை மறிச்சனீங்களே, ராகுகாலம் எதைப் பாத்துச் சொன்னனீங்கள்?"

"ஊரிலையிருந்து வந்த கலண்டர்."

சிரித்தான். "அது ஊர்ச் சூரியனுக்கு அம்மா. லண்டனிலை டைம் வேறை."

அப்படியென்றால் இல்லாத ராகுவுக்கா அவரை மறித்தேன்? அவர் போய்ச் சேருமுன் வேறு யாரோ வாசித்து முடித்துவிட்டார்களா? "நான் வாசித்தேன்" என்று அவர் எப்போதாவது சொன்னாரா? நான் கேட்டேனா? என் மனம் நோகுமென்று மறைத்தாரா? ஒன்றும் பிடிபடவில்லை.

மகன் தட்டைச் சுழலவிட்டான். அந்தக் காலத்தில் அவர் வாசித்துப் பழகினால், அடுப்படியில் திரும்பிப் பாராமலே இன்று களைத்திருக்கிறார், இன்று கோபம் என்று சொல்லுவேன். இப்போது மூன்று தரம் கேட்டேன். அவர் போலவும் இருக்கிறது, யாரோ போலவும் இருக்கிறது.

மகன் என் முகத்தையே பார்த்தான்.

"ஓம், கொப்பர்தான் வாசிக்கிறார்," என்றேன் நிமிர்ந்து.

இல்லையப்பா என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை.