ஐஸ் பெட்டிமேல் இருந்த லேப்டாப்

போன வருஷம் கத்திரி வெயிலில் என் லேப்டாப் செத்துப்போனது. அதோடு நானும் முடிந்தேன் என்று நினைத்தேன். கர்த்தர் அப்படி நினைக்கவில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எழுதியும் பழக்கம் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எங்கள் சபை போதகர் ஐயாதான், "பேச வரலன்னா எழுதியாச்சும் குடு சாலமன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு லேப்டாப்புக்கா இத்தனை துக்கம் என்று கேட்பீர்கள். எனக்கு அதுதான் கை, கால். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்தேன். மேலே ஏறிச் சங்கிலி போடும்போது விழுந்தேன். உயிர் மிஞ்சியது. இடுப்பு போனது. இப்போது கொஞ்ச நேரம் நின்றாலே கால் மரத்துவிடும். நஷ்டஈடாக வந்ததில் அந்த லேப்டாப்பை வாங்கினேன். விளையாட்டுக்கென்றே செய்த பெரிய மிஷின். வீட்டில் சண்டை வந்தது. சபையிலும் சிலர் முகம் சுளித்தார்கள்.

தெரிந்த கேமராக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பலமான மிஷின வெச்சிகினு சும்மா கீறியே" என்று கல்யாண வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டேன். பகலில் கல்யாண வீடியோ. சாயங்காலம் துப்பாக்கி விளையாட்டு. விளையாட்டில் என் கால்கள் ஓடும். அதற்காகத்தான் விளையாடினேன்.

நாங்கள் நாலு பேர் ஒரு குழு. இன்டர்நெட்டில் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. மற்ற மூன்று பேரும் பேசிக்கொண்டே ஆடுவார்கள். நான் மைக்கை அடைத்தே வைத்திருப்பேன். எனக்குப் பேச்சு வராது என்று அவர்களாக முடிவுகட்டி ஊமை என்று பேர் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. அதில் பாஷா என்று ஒருவர். ஒவ்வொரு ஆட்டத்திலும் மற்றவர்களிடம் சொல்வார்:

"ஊமையால கத்திச் சொல்ல முடியாதுடா. எவனாச்சும் ஒருத்தன் அவன் பின்னால நில்லு."

பெரும்பாலும் அவரே நிற்பார்.

போன வருஷம் ராயபுரத்துக் கல்யாணம் ஒன்று என்னிடம் வந்தது. பெண்ணின் அம்மா அன்று ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சில் ஆபரேஷன். கல்யாணத்தைத் தள்ளிவைக்கக் கூடாது என்று அவரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பெற்ற தாய் மகள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"அவசரம் இல்லப்பா. ஆனா நான் உசுரோட கீறப்பவே பாத்துடணும்."

கேமராக்காரர் மெமரி கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நான் வேறு டிஸ்க்கில் ஒரு நகல் வைப்பது வழக்கம். அந்த டிஸ்க் நிறைந்துவிட்டது. புதிது வாங்கவில்லை. ஆகவே அந்தக் கல்யாணம் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே படமாக்கும்போது மிஷின் கொதிக்கும். அன்று அந்த வேலையை ஓட விட்டுவிட்டு, இடுப்பு வைத்தியத்துக்குப் போனேன். கிளம்பும்போது என் மனைவி ஸ்டெல்லாவிடம், "சூடு ஏறினா நின்னுடும், பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் எப்போதும் அவ்வளவுதான் சொல்வேன்.

ஸ்டெல்லா காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் தெருக்களில் விற்கிறவள். சூடு ஏறினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உடைத்துப் போட்டாள். மூடியைக் கொஞ்சம் விலக்கி, மேலே துண்டு விரித்து, அதன்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தாள். உள்ளே சுற்றும் ஃபேனின் சத்தம்கூடக் குறைந்ததாம். சந்தோஷமாக மீன் கழுவப் போயிருக்கிறாள்.

நான் வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. தூக்கினேன். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கடையில் காட்டினோம். போர்டு போய்விட்டது, உள்ளே இருப்பதை மறந்துவிடுங்கள் என்றார்கள். திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம் ஐயா என் பக்கம் திரும்பி, "சாலமன், உனக்கு எதுனா?" என்றார். "ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றேன். ஸ்டெல்லா முக்காட்டை இழுத்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வார்த்த திட்டிடேன்யா. தெர்மாகோல் மண்டன்னு சொல்லு. வாங்கிக்கிறேன். இப்டி கம்முனு கீறியே, அதான் தாங்கல."

"உன் மேல கோவம் இல்ல."

"அப்ப அத வாயத் தொறந்து சொல்லேன். எனுக்கு எப்டித் தெரியும்? அந்தம்மா மறுபடி போன் பண்ணா இன்னா சொல்வே?"

அவள் எழுந்து போன பிறகு கட்டிலில் உட்கார்ந்தபடி ஜெபித்தேன். எனக்கு முழங்கால் போட முடியாது. "ஆண்டவரே, அந்தம்மா கல்யாணத்தப் பாக்கணும். எனக்கு வழி தெரியல. இந்த விளையாட்ட விட்டுடறேன். உதவி பண்ணுங்க." ஜெபம் அவ்வளவுதான். கண்ணீர் வந்தது. விழுந்த அன்றுகூட நான் அழவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். விளையாட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில் பாஷாவின் செய்தி இருந்தது. "ஊமை, இன்னா ஆளயே காணோம்? உடம்பு சரியில்லியா? ஒரு கட்ட வெரலாச்சும் போடு."

கட்டை விரல் படத்தைத் தேடினேன். எப்போதும் அதைத்தான் போடுவேன். அன்று கை நின்றுவிட்டது. அவர் நம்பரை அழுத்திக் கூப்பிட்டேன்.

"அலோ, யாரு?"

"நான்தாங்க. ஊமை."



"டேய், யாரு விளையாடறது?"

"மெய்யாத்தான். என் பேரு சாலமன். எனக்குப் பேச்சு வரும்."

"அடப்பாவி மாமு! ரெண்டு வருஷமா உனக்கும் சேத்து நான் கத்திகினு கீறேன். தொண்ட போச்சு. நீ கம்முனு கேட்டுகினு இருந்தியா?"

மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், அந்த அம்மா, ஐஸ் பெட்டி. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நனஞ்சதுக்கு அப்புறம் கரண்ட்டுல சொருகினியா?"

"இல்ல."

"சொருகாத. தொடாத. வூடு எங்க, சொல்லு."

அவருக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் லேப்டாப் போர்டு ரிப்பேர் கடை. இரண்டு வருஷமாக என் காதில் பேசிய மனிதருக்கு அதுதான் தொழில். எனக்குத் தெரியாது. நான்தான் எதையும் கேட்டதில்லையே.

மறுநாள் தொழுகை முடித்துவிட்டு, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். குள்ளமான ஆள். அந்தக் குரலுக்கு நான் வேறு உருவம் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுத் தரையிலேயே பழைய பெட்ஷீட்டை விரித்து லேப்டாப்பைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, உள்ள நெத்திலி வாசன வருது?"

"நெத்திலி இல்லண்ணே, சங்கரா" என்றாள் ஸ்டெல்லா. மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

ஃபேனிலிருந்து கறுப்புத் தூசியைக் கட்டியாக எடுத்துக் காட்டினார். "மொத்த எண்ணூர் காத்தும் இங்கதான் கீது மாமு. இத சுத்தம் பண்ணாம ஐஸ் வெச்சா எப்டி?" பிறகு விரல் அளவுகூட இல்லாத ஒரு சின்ன டிஸ்க் பட்டையைக் கழற்றிப் பொட்டலம் கட்டினார். "உன் கல்யாணம் இதுலதான் கீது. நீ உங்க சாமியக் கும்புடு. நானும் கேக்கறேன்."

அன்று சாயங்காலம் வீடியோ காலில் வந்தார். அந்தப் பட்டையை வேறு மிஷினில் போட்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் இருந்த திரையில் அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக நின்றாள். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். ஸ்டெல்லா தரையில் முழங்கால் போட்டுவிட்டாள். எனக்கும் சேர்த்துப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

போர்டையும் அவரே கழுவிக் காயவைத்துப் பிழைக்க வைத்தார். கூலி விஷயத்தை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதவில்லை.

வீடியோவை ஒரே படமாக்கி முடித்ததும் லேப்டாப்பையே எடுத்துக்கொண்டு நானும் ஸ்டெல்லாவும் ஆட்டோவில் ராயபுரம் போனோம். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் தலையணை வைத்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தோம். தாலி கட்டும் இடத்தில் கையைக் கொண்டுபோய்த் திரையைத் தொட்டார்.

"எம்பொண்ணு யாரத் தேடுறா பாத்தியா? என்னத்தான் தேடுறா."

அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் எங்களைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கீங்க. ஐஸ் தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"ஐஸ் மட்டும் வேணாம்மா" என்றாள் ஸ்டெல்லா. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரு பாரம் மிச்சம் இருந்தது. விளையாட்டை விடுவதாக ஆண்டவரிடம் சொல்லியிருந்தேனே. ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தத் தம்பி உனக்கு எங்க கெடச்சாரு?"

"விளையாட்டுலதாங்கய்யா."

"கர்த்தர் அந்த வாசல் வழியா உதவி அனுப்பிகீறாரு. நீ போயி அதுக்குப் பூட்டுப் போடறேன்றியா? நேரத்தக் கொறச்சிக்கோ. ஓய்வுநாள்ல வேணாம். அப்புறம், மைக்கத் தொறந்து வை."

அப்படியே செய்கிறேன். இப்போது ஆட்டத்தில் நானும் பேசுகிறேன். பாஷாவின் பின்னால் எதிரி வந்தால் கத்திச் சொல்கிறேன். பேர் மட்டும் ஊமைதான். ஸ்டெல்லாவிடமும் ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை சொல்கிறேன். போன மாதம் சபையில் விண்ணப்ப நேரத்தில் நானே எழுந்து நின்றேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது என்னைப்போல் வாயை மூடிக்கொண்டு பாரம் சுமக்கிறீர்களா? முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஜெபம் சின்னதாக இருந்தால் போதும். பிறகு ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். நான் பேசாமல் இருந்த காலமெல்லாம் என் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உங்கள் பின்னாலும் நிற்பார்.