சங்கிலி கழலாமலிருக்க எட்டுப் பேர்

சங்கிலி ரம்பத்தோடு பிழைப்பு நடத்தியவனைக் கேளுங்கள், மரம் எந்தப் பக்கம் விழும் என்பதைவிடச் சங்கிலி எப்போது கழலும் என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை. நடுரோட்டில் சைக்கிள் செயின் கழன்று, கை முழுக்கக் கறுப்பு மையோடு நின்றவர்களுக்கும் இந்த வேதனை கொஞ்சம் புரியும்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். நிலக்கரி வரத்து நின்றுபோய் ரயிலெல்லாம் விறகில் ஓடியது. சுங்கை பூலோவில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தை விறகுக்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச்சென்ற ரம்பம் அங்கே இருந்தது. இரண்டு ஆள் பிடிக்கிற ராட்சசன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என்னிடம், "சங்கிலி கழன்றுகொண்டே இருக்கிறதாம், போய்ப் பார்" என்றார்கள். போனவன் மூன்று வருஷம் அங்கேயே தங்கிவிட்டேன்.

பால் குடித்த ரம்பம்

என்ஜின் பக்கக் கைப்பிடி எனக்கு. மறுமுனைக் கைப்பிடி ஆ லியோங்குக்கு. கிள்ளானில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனர். தமிழர் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார், சீனர் வழக்கப்படி ஒரு 'லா' மட்டும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் மதியத்துக்குள் சங்கிலி நான்கு தடவை கழன்றது. தொய்வு என்று நினைத்துத் திருகாணியை முறுக்கினேன். மறுபடியும் கழன்றது. பல்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த பெட்ரோல் கக்கிய புகையில் கண் எரிந்தது, பாதி எரிச்சல் அவமானத்தால்.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த அஞ்சலை பக்கத்தில் வந்து குனிந்தாள். சங்கிலி ஓடுகிற நீளத் தகட்டை நாங்கள் நாக்கு என்போம். அதன் விளிம்புப் பள்ளத்தில்தான் சங்கிலி உட்கார்ந்து ஓடும். அந்தப் பள்ளத்தை விரலால் சுரண்டி, பழுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினாள். மரப்பாலும் மரத்தூளும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தது. அது அடியிலிருந்து தூக்கித் தூக்கிச் சங்கிலியை வெளியே தள்ளியிருக்கிறது! அன்றிலிருந்து வெட்டுப்படும் இடத்தில் அவள் முதலில் பாராங் கத்தியால் பட்டையை உரித்துவிடுவாள். ஒடிந்த குடைக்கம்பியால் பள்ளத்தைச் சுத்தம் செய்ய இன்னொரு ஆளையும் போட்டேன். பட்டறையில் படித்த எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பதினாலு வருஷமா இந்த மரத்துல பால் எடுத்தவண்ணே நான். அது எங்கெங்க போய் ஒட்டும்னு எனக்குத் தெரியாதா?"

ஆறட்டும்

இந்தத் தவறை நீங்களும் செய்திருப்பீர்கள். ஓடி ஓடிச் சூடேறினால் சங்கிலி நீண்டு தொங்கும். தொங்குகிறதே என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நன்றாக முறுக்கி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் அது ஆறிச் சுருங்கி, வீணைத் தந்திபோல விறைத்துக் கிடந்தது. கவனிக்காமல் என்ஜினைக் கிளப்பினேன். 'டக்'கென்று ஒரு கண்ணி அறுந்தது.

மலாயா முழுக்கத் தேடினாலும் மாற்றுச் சங்கிலி கிடைக்காத நேரம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆ லியோங் ஒரு ஆணியை எடுத்து அரத்தால் ராவினார். சைக்கிள் செயினுக்கு அடிப்பதுபோலவே அதை அடித்து அறுந்த இடத்தைச் சேர்த்தார். பிறகு சங்கிலியைக் கையால் இழுத்து, நாக்கிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்துச் சொன்னார்:

"சூடா இருக்கிறப்போ இறுக்காத லா. ஆறட்டும், அப்புறம் பேசு. என் பொண்டாட்டிகிட்ட நான் அப்படித்தான்."

எண்ணெய் குடிக்கும் மெஷின்

மெஷின் எண்ணெய் தீர்ந்த பிறகு சங்கிலிக்குச் செம்பனை எண்ணெய்தான். வாரத்துக்கு ஒரு டின் வரும். சில வாரம் கழித்து, புதன்கிழமையே டின் காலியாக ஆரம்பித்தது. எண்ணெய் இல்லாத சங்கிலி காய்ந்து, சூடேறி, தொய்ந்து கழலும். யார் எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. மத்தியானம் அஞ்சலையின் தூக்குச்சட்டியைத் திறந்தால் மரவள்ளிக்கிழங்கு சிவப்பாகப் பளபளத்தது. அவள் புருஷன் வேலுவின் சட்டியும் அப்படித்தான். என்னைப் பார்த்ததும் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கு ஆன உடம்புகள். "கடைசிச் சொட்டை மட்டும் சங்கிலிக்கு விட்டுவையுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஜப்பானிய மேற்பார்வையாளரிடம் போய் வாரம் இரண்டு டின் வேண்டும் என்று கேட்டேன். அவர் ரம்பத்தைச் சந்தேகமாகச் சுற்றி வந்தார். ஒரு மெஷின் இவ்வளவு எண்ணெய் குடிக்குமா என்று மலாய் மொழியில் கேட்டார். நான் வயதான மெஷின், கிழட்டு மரம் என்று ஏதேதோ உளறினேன். இரண்டு டின்னும் வந்தன. அவர் போனதும் ஆ லியோங் என் காதருகே சொன்னார்:

"மெஷினுக்கு இப்போ மாசம் எத்தனை லா? ரெண்டு உசுருக்குச் சாப்பிடுதே!"

பெராப்பா ஓராங்?

சிரிப்பு நின்ற நாள் ஒன்று உண்டு. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி ஒரு காலையில் எங்கள் காட்டுக்குள் வந்து நின்றது. அங்கே போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் காகிதமும் பென்சிலுமாக என்னிடம் வந்தார். "ரம்பத்துக்குப் பெராப்பா ஓராங்?" எத்தனை ஆள் என்கிறார். இரண்டு கைப்பிடி, இரண்டு ஆள் என்று அவரே விரலைக் காட்டினார். மற்றவர்கள் லோரிக்கு.

"எட்டு" என்றேன். பிடிக்க இரண்டு பேர், பட்டை உரிக்க ஒருத்தி, பள்ளம் சுரண்ட ஒருவர், எண்ணெய் விட ஒருவர், வெட்டு மூடிக்கொள்ளாமல் ஆப்பு அடிக்க வேலு, மரத்தை நெம்பித் தூக்க இருவர். இவர்களில் ஒருவர் குறைந்தாலும் சங்கிலி கழலும் என்றேன். அவர் நம்பவில்லை. "ரெண்டு பேர். இப்போ வெட்டு" என்று கீழே கிடந்த ஒரு மரத்தைக் காட்டினார். வேலு கையில் ஆப்போடு ஒதுங்கி நின்றார்.

வெட்ட ஆரம்பித்தோம். பாழாய்ப்போன சங்கிலி அன்றைக்குப் பார்த்து வெண்ணெயில் கத்தி போவதுபோல ஓடியது. அடியில் நல்ல தாங்கல், வெட்டு மூடவே இல்லை. முக்கால்வாசி போய்விட்டது. வேலுவைப் பார்த்தேன். அஞ்சலை அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கைப்பிடியை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பினேன். நாக்கு வெட்டுக்குள்ளே கோணிக்கொண்டது. சங்கிலி எகிறிப் போய் ஆ லியோங்கின் முழங்கைக்குக் கீழே கீறிவிட்டுத் தொங்கியது. தொழிலில் நானே வேண்டுமென்று கழற்றிவிட்ட சங்கிலி அது ஒன்றுதான்.

மேற்பார்வையாளர் சங்கிலியைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார், என்னை வெகுநேரம் பார்த்தார். புரிந்ததா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காகிதத்தில் எட்டு என்று எழுதினார். வேலு அப்படியே மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஓடைக்கு அந்தப் பக்கம் கோடாலியால் விறகு பிளந்துகொண்டிருந்த ஆறு பேரை லோரி ஏற்றிக்கொண்டு போனது. பதினாலு என்று சொல்லியிருக்கலாமே என்ற நினைப்பு என்னைவிட்டுப் போனதில்லை. அஞ்சலை முந்தானையைக் கிழித்து ஆ லியோங்கின் கையில் கட்டினாள். நான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லு லா. கையை எடுத்துக்கிறேன்."

துரை திரும்பினார்

சண்டை முடிந்து துரை திரும்பி வந்து தன் சொத்தைத் தேடினார். ரம்பத்தைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். கிளப்பினார், ஓடியது. சங்கிலியை இழுத்துப் பார்த்தார், குறை இல்லை. நானும் ஆ லியோங்கும் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தோம். அவர் என்ஜின் மூடியைத் தடவியபடி கேட்டார்:

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூட பெயிண்ட் அடிக்கலையா?"

இப்போதெல்லாம் ஒரே ஆள் தூக்குகிற சின்ன ரம்பம் வந்துவிட்டது என்கிறார்கள், ஆனாலும் கழன்ற சங்கிலியைச் சேர்ந்து திட்டுவதற்காவது கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.