சுவர் தாண்டிய பாகற்கொடி

எங்கள் வீட்டுப் பாகற்கொடிக்குக் கொஞ்சமும் ரோஷம் கிடையாது என்று மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் உறுதியாக நம்பினேன். விதை போட்டது நாங்கள். தண்ணீர் ஊற்றியது நாங்கள். அப்பா தன் கிழிந்த வலையைச் சவுக்குக் கழிகளில் இழுத்துக் கட்டிப் பந்தலும் போட்டுக் கொடுத்தார். இத்தனையும் வாங்கிக்கொண்டு அது சுவர் தாண்டிப் போய்ப் பெரியம்மா வீட்டுப் பக்கம் காய்த்தது. அதுவும் நாங்கள் அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சமயத்தில்.

எண்ணூரில் கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. பின்பக்கம் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். தண்ணி லாரி வந்த ஒரு நாள், வரிசையில் இருந்த அம்மாவின் குடத்தை யாரோ பின்னால் நகர்த்திவிட்டார்கள். யாரோ என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அது பெரியம்மாதான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. குடத்தில் ஆரம்பித்த சண்டை, கல்யாணத்துக்கு யார் வீட்டில் என்ன சீர் செய்தார்கள் என்பது வரைக்கும் போய், இனி முகத்திலேயே விழிப்பதில்லை என்பதில் முடிந்தது. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே படகில் போகிறவர்கள். கடலில் பேசிக்கொள்வார்கள். கரையேறியதும் அவரவர் மனைவிக்குப் பயந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவுக்குக் காலில் சிப்பி கிழித்துவிட்டது. சின்னக் காயம்தான், ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடலுக்குப் போவது நின்றது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, படகுகள் போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையெல்லாம் சுற்றியவர் அவர். எனக்கு அழுகை வரும். சண்டை நடப்பதால் அழக் கூடாது என்று அடக்கிக்கொள்வேன்.

மாத்திரையோடு பாகற்காயும் சாப்பிடச் சொல்லிக் குப்பமே பெரியம்மாவுக்கு வைத்தியம் சொன்னது. எங்கள் கொடியில் அப்போதுதான் பிஞ்சு விட ஆரம்பித்திருந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அண்ணனுக்கு நாலு காயி குட்த்தனுப்பேன்."

"இன்னா பேசற நீ? பாவக்காய யாராச்சும் கையால குடுப்பாங்களா?" என்றாள் அம்மா. "நல்லா கீறப்ப குட்த்தாலே ஒறவு கசந்து பூடும். இப்பவே மூஞ்சி பாக்கறது இல்ல. இத்தயும் குட்த்தா ஜென்மத்துக்கும் பேச்சே இருக்காது."

எங்களவர்கள் வழக்கம் அது. உப்பும் பாகற்காயும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகப் போகக் கூடாது. கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே வைப்பதற்கும் அந்த வாசலை மிதிக்க வேண்டுமே. கடையிலும் பாகற்காய் கிடைக்கும்தான். பெரியம்மா வாங்கினாளா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

அதற்குப் பிறகுதான் கொடிக்குப் புத்தி கெட்டது. சுவர் மேல் ஏறி அந்தப் பக்கம் தலையை நீட்டியது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாக வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி, நுனியைப் பிடித்து இழுத்து எங்கள் வலையில் சுற்றிவிடுவேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் அந்தப் பக்கம். வெட்கங்கெட்ட கொடி என்று அதைத் திட்டினேன். காலையில் கண்விழிக்கும்போதெல்லாம் அம்மா அதே வாளி மேல் நின்று கொடிக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பாள். கேட்டால், இலையில் சாம்பல் படிந்திருக்கிறது, துடைக்கிறேன் என்பாள். காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுப் பக்கமிருந்து சாம்பல் வந்து எல்லாவற்றின் மேலும் உட்காருவது உண்மைதான் என்பதால் நானும் நம்பினேன்.

என் கைக்கு எட்டாத கிளைகளில் அந்தப் பக்கம் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பெரியம்மா ஒன்றைக்கூடத் தொடவில்லை. முற்றியதெல்லாம் பழுத்து மஞ்சளாகி, வெடித்து, சிவப்பு விதையைக் காட்டிக்கொண்டு நின்றன. காக்காய்க்குக் கொண்டாட்டம். ஒரு நாள் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே சுவர் மேல் இருந்த காக்காயிடம் உரத்த குரலில் பேச ஆரம்பித்தாள்.

"யே காக்கா, நீ துன்றதுக்கா நான் வெதை போட்டேன்? அந்தாண்ட தொங்கறது அந்தாண்ட கீறவங்களுது. நான் ஒண்ணும் யாருக்கும் குடுக்கல. அதுவா போச்சி, அதுவா காய்க்குது. காலு சரியாவ வோணாமா?"

ஜாடை பேசுவதில் எங்கள் குப்பத்துப் பெண்கள் கெட்டிக்காரிகள். காக்காய், ஆடு, நாய் எது கிடைத்தாலும் அதைத் திட்டுகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரியின் மானத்தை வாங்கிவிடுவார்கள். அம்மா காக்காயை விரட்டியதை நானும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். சரியாகக் கொடுத்தாள் என்று பெருமைப்பட்டேன்.

இரண்டொரு நாளில் அந்தப் பக்கத்துக் காய்கள் காணாமல்போக ஆரம்பித்தன. மத்தியானம் சுவருக்கு அப்பாலிருந்து பாகற்காய் வதங்கும் வாசனை வந்தது. பெரியப்பாவின் விரல் கடைசியில் தப்பியது. மாத்திரையும் கட்டுப் போட்ட நர்ஸும்தான் காரணமாக இருக்க வேண்டும், ஆனால் பேர் என்னவோ பாகற்காய்க்குத்தான் போனது. அப்போது எனக்கு விரலைப் பற்றிய நினைப்பே இல்லை. திருட்டு நடக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று துடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளி மேல் ஏறி, சுவரில் வயிற்றை அழுத்தி எம்பி அந்தப் பக்கம் குனிந்து பார்த்தேன். அங்கே எங்கள் கொடிக்குப் பெரியம்மா ஒரு பந்தலே போட்டிருந்தாள். கயிறு கட்டி, நுனிகளை எல்லாம் அதில் ஏற்றி, துணிக் கிழிசலால் ஒவ்வொரு இடத்திலும் பதமாகக் கட்டியிருந்தாள். இலைகள் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. குதித்து இறங்கி மூச்சிரைக்க அம்மாவிடம் ஓடினேன்.

"யம்மா, நம்ம கொடிய அவங்க இஸ்து கட்டி வெச்சிக்கினு கீறாங்கம்மா!"

அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையில் கை நின்றது.

"அக்காவா கட்டிக்கீறாங்க?"

இத்தனை நாளும் 'அவ' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று அக்கா என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆமா. பொடவய கியிச்சி கட்டிக்கீறாங்க. எலயெல்லாம் தொடச்சி வேற வெச்சிக்கீறாங்க."

நான் எதிர்பார்த்தபடி அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகவில்லை. செதில் ஒட்டிய கையோடு முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சுவருக்கு அப்பால் பாத்திரம் உருளும் ஓசை சட்டென்று நின்றது. "அத்த போயி அவுத்து கிவுத்து வெச்சிடாத" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

இவ்வளவு பெரிய திருட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிறேன், சுவரருகே போய் ஒரு வார்த்தை கேட்காமல் உட்கார்ந்து அழுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியம்மாவுக்கு அம்மா இந்த அளவுக்குப் பயப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.